பல்கலைக்கழக வாயிலும் இணைய வழியும்



மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்குப் பசளை நினைவுக்கு வரும்; கடற்றொழிலாளருக்கு மண்ணெண்ணெய் நினைவுக்கு வரும். அவ்வாறே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்ற பெயரைக் கேட்போருட் பலர், அது பல்கலைக்கழகங்களுக்குப் பணம் பகிர்ந்து கொடுக்கும் ஒரு கந்தோர் என்ற அளவிலே நின்றுவிடுகின்றனர். அவ்வெண்ணம் முழுப் பிழையன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று. உயர்தர வகுப்பிலே ஒரு பிள்ளை படிக்கும் எந்த வீட்டுக்கும், கொழும்பு வார்ட் பிளேசில் அமைந்துள்ள அக்கந்தோர் மிக அணுக்கமானது. அது வெளியிடும் செய்தி உரிய நாளில் உரியவர் கையிற் கிடைத்ததா என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கை ஒரு பக்கமாகவோ மறு பக்கமாகவோ திரும்பிவிடலாம். முன்பு அச்சுத்தாளில் வந்த அச்செய்தி இப்பொழுது பெரும்பாலும் இணையத்தின் வழியே வருகின்றது. இம்மாற்றம் எத்தகையது, அதனால் நாம் பெற்றது யாது, பெறவேண்டியது யாது என்பனவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் ஆணைக்குழுவின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். இப்பெயர் நம்மவர் ஆக்கியதன்று. பிரித்தானியாவில் 1919 ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அரசாங்கத்தின் பணம் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று சேரவேண்டும். ஆனால் அப்பணத்தோடு அரசாங்கத்தின் கையும் உள்ளே நுழைதல் கூடாது. ஆதலின் இடையிலே நின்று பகிர்ந்தளிக்க ஒரு குழு வேண்டும் என்பதே அதன் கருத்து. இந்தியாவில் இத்தகைய அமைப்பு 1953 இல் தொடங்கி, 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிலைபெற்றது. இலங்கையிலோ 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் இதனைத் தோற்றுவித்தது. அடுத்து வந்த 1979 தை முதலாந் திகதி, 1974 தொடக்கம் ஒரு வளாகமாக இயங்கி வந்த திருநெல்வேலி நிறுவனம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு தனித்து எழுந்தது.

நமது ஆணைக்குழுவுக்குச் சட்டம் வகுத்த கடமைகள் ஐந்து. உயர்கல்வியைத் திட்டமிட்டு ஒருங்கிணைத்தல், பாராளுமன்றம் ஒதுக்கும் நிதியை நிறுவனங்களுக்குப் பகிர்தல், கல்வித் தரத்தைப் பேணல், நிறுவனங்களின் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தல், மாணவர் அனுமதியை ஒழுங்குபடுத்தல் என்பன அவை. பெயரிலே காணப்படுவது இரண்டாவது கடமை. நமது வீட்டுப் படலையைத் தட்டுவது ஐந்தாவது கடமை. அனுமதிக்குரிய கைந்நூல், விண்ணப்பம், வெட்டுப்புள்ளிப் பட்டியல், உதவுபணம் பற்றிய அறிவித்தல் ஆகிய யாவும் இதனோடு தொடர்புடையன.

இனி அனுமதி விதியைப் பார்ப்போம். விதி தெரியாதவருக்கு விதி பற்றிய செய்தியின் பெறுமதியும் தெரியாது. பொதுவாக ஒரு பாடநெறிக்குரிய இடங்களில் நூற்றுக்கு 40 வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். நூற்றுக்கு 55 வரை 25 நிர்வாக மாவட்டங்களுக்கும் அவற்றின் சனத்தொகை விகிதப்படி பகிரப்படும். எஞ்சிய நூற்றுக்கு 5 வரை, கல்வி வசதி குறைந்தவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய வடமாகாண மாவட்டங்கள் ஐந்தும் அப்பதினாறனுள் அடங்கும். சில பாடநெறிகளுக்கு விலக்குகளும் உள. அவ்விலக்குகளைக் கைந்நூலிற் படித்தறிதல் வேண்டும்.

போட்டியின் அளவுகோல் இசட் புள்ளி எனப்படும். இது 2001 ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தது. பலர் இதனை ஒரு மறைபொருளாகவே கருதுகின்றனர். உண்மையில் இது எளிய கணக்கு. ஒரு பாடத்தில் மாணவர் யாவரும் பெற்ற புள்ளிகளின் சராசரியை எடுக்க வேண்டும். அச்சராசரியிலிருந்து மாணவர் புள்ளிகள் பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலையும் எடுக்க வேண்டும். ஒரு மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் அதுவே அப்பாடத்தில் அவனுக்குரிய இசட் புள்ளி. எடுத்துக்காட்டாக, பௌதிகவியலில் சராசரி 45, விலகல் 10 என்க. அங்கே 60 புள்ளி பெற்றவனுக்கு 1.5 கிடைக்கும். வேறொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 10 என்க. அங்கே 70 புள்ளி பெற்றவனுக்கு 1.0 மட்டுமே கிடைக்கும். அறுபது எழுபதை வென்றது எவ்வாறு? கடினமான வினாத்தாளில், தன்னோடு எழுதியவர்களிலிருந்து அவன் அதிகம் உயர்ந்து நின்றான் என்பதே விடை. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு, அவற்றின் சராசரியை எடுத்தால் மாணவனின் இசட் புள்ளி கிடைக்கும்.

வெட்டுப்புள்ளி பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. ஆணைக்குழு முன்கூட்டியே ஒரு கோட்டைக் கீறி, அதற்கு மேலுள்ளோரைச் சேர்க்கின்றது எனப் பலர் நினைக்கின்றனர். அவ்வாறன்று. உயர்ந்த புள்ளியுடையோரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவருடைய விருப்ப வரிசையையும் பார்த்து இடங்கள் வழங்கப்படும். ஒரு மாவட்டத்தில் ஒரு பாடநெறிக்கு இறுதியாகத் தெரிவானவரின் புள்ளியே அவ்வாண்டுக்குரிய வெட்டுப்புள்ளி ஆகின்றது. ஆதலின் சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி நமக்கு ஒரு குறிப்பேயன்றி வாக்குறுதி ஆகாது. இதனை அறியாத பிள்ளைகள், சென்ற ஆண்டுப் பட்டியலை நோக்கி, தாம் மிக விரும்பிய பாடநெறியை விருப்ப வரிசையின் அடியிலே எழுதிவிடுகின்றனர். விரும்பியதை முதலில் எழுதுக. அடுத்து விரும்பியதை அடுத்து எழுதுக. இந்த ஒரு வாக்கியத்தை உரிய காலத்தில் அறிந்த பிள்ளைக்கும் அறியாத பிள்ளைக்கும் இடையில், இசட் புள்ளி ஒன்றாக இருந்தாலும், வாழ்க்கை வேறாகிவிடக் கூடும்.

இச்செய்திகள் யாவரும் காணும்படி இருத்தல் ஏன் இன்றியமையாதது என்பதற்கு நமது வரலாறே சான்று. 1970 களின் முற்பகுதியில் வந்த தரப்படுத்தலும், அதனைத் தொடர்ந்த மாவட்டப் பங்கீடும் இக்குடாநாட்டு மாணவர் உள்ளத்தில் ஏற்படுத்திய காயத்தை மூத்த நேயர்கள் அறிவர். விதி நீதியானதா என்பது ஒரு வினா. விதி எவ்வாறு இயங்குகின்றது என்பது அதற்குட்பட்டவனுக்கு விளங்குகின்றதா என்பது மற்றொரு வினா. விளங்காத விதி, நல்ல விதியாயினும் ஐயத்தையே வளர்க்கும். விளங்கிய விதியில் பிழை இருப்பின், அதனைச் சுட்டிக்காட்டித் திருத்த வழி உண்டு. 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் எழுதினர். இரு சாராரின் புள்ளிகளையும் சேர்த்து இசட் புள்ளி கணித்தமை சரியன்று என வழக்குத் தொடரப்பட்டது. 2012 இல் உயர் நீதிமன்றம், இரு சாராருக்கும் வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. கணக்கின் முறை வெளியே தெரிந்திருந்தமையாலன்றோ அதன் பிழையை வெளியே உள்ளோர் கண்டு வினவ முடிந்தது!

அச்சுத்தாளின் காலத்தில் இச்செய்திகள் நம்மை வந்தடைந்த வழியைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். கைந்நூல் கொழும்பிலே அச்சாகிக் கடைகளுக்கு வரும். அறிவித்தல் பத்திரிகையில் வரும். விண்ணப்பம் பதிவுத்தபாலில் செல்லும். அமைதியான காலத்திலேயே இதற்கு நாட்கள் பல வேண்டும். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. பொருளாதாரத் தடை வந்தது. மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டதும், குப்பி விளக்கின் வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்ததும், தென்னிலங்கை செல்ல வேண்டியோர் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்திற் கடந்ததும் கட்டுக்கதைகள் அல்ல. இலங்கையில் வர்த்தக இணையச் சேவை தொடங்கிய ஆண்டு 1995. அதே ஆண்டின் ஐப்பசி இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தனர். கொழும்பில் ஒரு கதவு திறந்த ஆண்டிலே, இங்கே வீட்டுக் கதவுகள் பூட்டப்பட்டன. பின்னரும் 2006 ஆவணியில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, கடிதமும் புத்தகமும் கப்பலையும் விமானத்தையும் பார்த்திருக்க வேண்டியதாயிற்று.

இந்நிலையைக் கடந்து வந்த நமக்கு, இணைய வழி தந்த நன்மை சிறிதன்று. கைந்நூலும் வெட்டுப்புள்ளிப் பட்டியலும் இன்று ஆணைக்குழுவின் இணையத்தளத்திலே உள்ளன. விண்ணப்பமும் இணையவழியே ஏற்கப்படுகின்றது. பருத்தித்துறையில் உள்ள பிள்ளையும் பம்பலப்பிட்டியில் உள்ள பிள்ளையும் ஒரே பக்கத்தை ஒரே நிமிடத்தில் திறக்கலாம். இது முதல் நன்மை. அறிவித்தலில் ஒரு பிழை நேர்ந்தால் அன்றே திருத்தலாம். அச்சிட்ட புத்தகத்தில் அவ்வாறு செய்தல் இயலாது. இது இரண்டாவது. பல ஆண்டுகளின் பட்டியல்களை ஒருங்கே வைத்து ஒப்பிடலாம். ஒரு பாடநெறியின் வெட்டுப்புள்ளி ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதைக் காணலாம். இது மூன்றாவது.

ஆயினும், இணையத்தில் இடுதல் வேறு. மக்களிடம் சேர்ப்பித்தல் வேறு. சந்தைக்குக் கொண்டுவந்த மரக்கறியைச் சாக்கோடு கட்டி மூலையில் வைத்தவன் விற்றவன் ஆகான். செய்தி இணையத்தில் ஏறியும் மாணவனைச் சேராதிருப்பதற்குக் காரணங்கள் சில உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, எழுத்தின் தடை. கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். தொடக்க காலத்தில் தமிழுக்கெனப் பொது எண் வரிசை பரவாதிருந்தமையால், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் உருவங்களைச் சட்டைபோல் அணிவித்து எழுத்துருக்கள் செய்யப்பட்டன. நமது நாட்டிலே பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு இவ்வகையினது. பாமினியில் நாம் ‘அ’ என்று காண்பது கணினியின் உள்ளே ஆங்கிலத்து ‘எம்’ எழுத்தாகவே கிடக்கும். ஆதலின் ‘அனுமதி’ என்று தமிழிலே தேடினால் அப்பக்கம் அகப்படாது. எழுத்துரு இல்லாத கருவியிலோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். யூனிகோட் என்னும் உலகப் பொது முறையில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் உண்டு, அகரத்துக்கு 2949. அம்முறையில் எழுதப்பட்ட தமிழை எந்நாட்டுக் கருவியும் தமிழாகவே காட்டும், தேடினால் கிடைக்கும். அரச கந்தோர்களிலே பழைய எழுத்துருவில் எழுதும் பழக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை என்பது கவலைக்குரியது.

இதனோடு சேர்ந்தது படப்பிரதியின் தடை. அச்சுத்தாளை ஒளிப்படம்போல் எடுத்து அப்படியே ஏற்றிவிடுவது எளிது. ஆனால் அது எழுத்தின் படமேயன்றி எழுத்தன்று. அதனுட் சொல்லைத் தேட முடியாது. கண்பார்வை குறைந்த மாணவருக்கு எழுத்தை ஒலியாக்கிப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. எழுத்தாக அமையாத இப்படத்தின் முன் அவை இடர்ப்படும். கைந்நூலைத் தானே வாசிக்கும் உரிமை அம்மாணவருக்கும் உண்டன்றோ?

இரண்டாவது, உருவின் தடை. நமது பிள்ளைகளிற் பலர் இணையத்தைக் காண்பது மேசைக் கணினியில் அன்று. உள்ளங்கை அளவான கைத்தொலைபேசியிலே காண்கின்றனர். 25 மாவட்டங்களும் 25 நிரல்களாக விரிந்து கிடக்கும் பட்டியலை அச்சிறு திரையிற் பார்ப்பது, பனங்கிழங்குப் பாத்தியைச் சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பதை ஒக்கும். மாவட்டத்தையும் பாடநெறியையும் கேட்டு, அதற்குரிய ஒரு விடையை மட்டும் காட்டும் பக்கம் ஒன்றே போதும். பெரிய புத்தகத்தை முழுமையாக இறக்குவதற்குச் செலவாகும் டேற்றாவும் கூலி வேலை செய்யும் வீட்டுக்குப் பணமே.

மூன்றாவது, காலத்தின் தடை. 1987, 1988 ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்களுக்குப் பின்னர் தமிழும் அரச கரும மொழி. ஆயினும் மொழியின் உரிமை, செய்தி வெளியாகும் நாளிலேதான் சோதிக்கப்படுகின்றது. விண்ணப்பத்துக்கு மூன்று கிழமை அவகாசம் தரப்பட்டு, தமிழ்ப் பிரதி ஒரு கிழமை பிந்தி வருமாயின், தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்த காலம் இரண்டு கிழமையே. மூன்று மொழியிலும் ஒரே நாளில் வெளியிடுதல் ஒரு சலுகையன்று, கணக்கில் நேர்மையாகும்.

நான்காவது, இடையில் நிற்கும் மனிதர். வீட்டில் வசதியில்லாத பிள்ளை சந்தியிலுள்ள கொமினிக்கேசன் கடைக்குச் செல்கின்றது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் விண்ணப்பத்திற் பதிந்த மின்னஞ்சல் கடைக்காரருடையது. கடவுச்சொல்லும் அவர் நினைவில் உள்ளது. விருப்ப வரிசையை அவசரத்தில் அவரே அழுத்திவிடுகின்றார். பின்னர் ஆணைக்குழு அனுப்பும் செய்தி கடையின் பெட்டியிலே கிடக்கும். பாடசாலைகளில் இத்தகைய நிகழ்ச்சிகளை நாம் காண்கின்றோம். பிள்ளையின் தகுதியில் குறையில்லை. செய்தி செல்லும் வாய்க்காலிலே உடைப்பு.

அவ்வாறாயின் செய்யத் தக்கன யாவை? ஒரு கந்தோர் தன் செய்தியை இணையத்துக்கு மாற்றும்பொழுது, தன் அலுமாரியில் உள்ள கோப்புகளின் ஒழுங்கை அப்படியே மாற்றுதல் போதாது. வெளியே நிற்பவன் கேட்கும் கேள்வியின் ஒழுங்குக்கு மாற்றுதல் வேண்டும். “நான் விண்ணப்பிக்கலாமா? எந்நாள் வரை? எவ்வளவு கட்டணம்? உதவுபணம் எவ்வாறு பெறலாம்? யாரிடம் கேட்கலாம்?” இவ்வைந்துக்கும் ஐந்து பக்கங்கள் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் அது எழுதப்பட்ட திகதியும் திருத்தப்பட்ட திகதியும் இருத்தல் வேண்டும். பழைய ஆண்டுப் பட்டியலை நீக்காது, பழையது எனக் குறித்து வைத்தல் வேண்டும். 2005 தொடக்கம் நம்மவரின் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்திற் சேர்த்து வரும் நூலகம் நிறுவனத்தின் பணியை எண்ணுங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட மக்கள், ஓர் ஆவணம் ஓரிடத்தில் மட்டும் இருத்தலின் ஆபத்தை நன்கு அறிவர்.

மக்கள் பக்கத்திலும் ஓர் ஆயுதம் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச நிறுவனத்திடம் உள்ள தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை பிரசைக்கு உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தகவல் உத்தியோகத்தர் ஒருவரை நியமித்தல் வேண்டும். வழங்குவதா இல்லையா என்ற முடிவைப் பொதுவாக 14 வேலை நாட்களுள் அவர் தெரிவித்தல் வேண்டும். இணையத்தில் ஒன்று காணப்படவில்லையெனின், “கிடையாது போலும்” என்று திரும்பாது, தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.

அச்சுத்தாளை முற்றாகக் கைவிடுதலும் அறிவுடைமை ஆகாது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாட்டிலே தாளும் அரிதாயிற்று. மின்சாரமும் பல மணி நேரம் நின்றது. தாளை மட்டும் நம்பியவரும் இடர்ப்பட்டனர். மின்னை மட்டும் நம்பியவரும் இடர்ப்பட்டனர். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி வரவேண்டிய பிள்ளைக்கு, ஊர்ப் பாடசாலையில் தொங்கும் ஒரு கைந்நூல் இன்னும் வேண்டியதே. இணையமும் தாளும் வானொலியும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சில சொற்கள். பரீட்சைக்கு முன்னரே பிள்ளைக்குத் தன் சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் அமைத்துக் கொடுங்கள். கடவுச்சொல்லை வீட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். முகநூலிலும் வைபரிலும் வரும் செய்தியை, ஆணைக்குழுவின் பக்கத்தில் ஒருமுறை ஒப்பிட்டுப் பாராமல் நம்பாதீர்கள். விருப்ப வரிசையை முதலில் தாளில் எழுதி, ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் மீண்டும் படித்த பின் கணினியில் ஏற்றுங்கள். கடையில் ஏற்றினாலும் பிள்ளையே திரையைப் பார்த்து, அச்சுப்பிரதி ஒன்றைக் கையிற் பெற்று வரட்டும். பாடசாலைகள் தத்தம் கணினி அறையை விண்ணப்ப நாட்களில் மாலை வேளையிலும் திறந்து வைத்தல் நன்று. வெளியேறிய மாணவரும் நம் மாணவரே.

சென்ற தலைமுறையில் பல்கலைக்கழகம் சென்றவர் உள்ள வீட்டில், இச்செய்திகள் உணவு வேளையின் பேச்சிலேயே பிள்ளைக்குக் கிடைத்துவிடும். முதன்முதலாக உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை உள்ள வீட்டிலோ அப்பேச்சு இல்லை. கைந்நூலும் வானொலியும் இணையப் பக்கமும் அந்த வீட்டுக்காகவே பேச வேண்டியிருக்கின்றது. இடங்களைப் பகிரும் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருத்தல் நீதியின் ஒரு பாதி. அவ்விதி எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே தெளிவோடு தெரிதல் மற்றைப் பாதி. அடுத்த முறை பெறுபேறுகள் வெளிவரும்பொழுது, கைந்நூலை வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் தம் ஒழுங்கையில் உள்ள ஒரு பிள்ளையோடு அரை மணி நேரம் அமர்ந்து அதனை வாசிப்பாராக.